அய்யா வராத கடற்கரை

முதல் நாள்: ராமநாதபுரம், தேவிபட்டினம்

அப்பா போன பிறகு வருகிற முதல் தை அமாவாசை இது. தம்பி ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் பாலைக்குள் இருக்கிற ஊர் அது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிறான். "கார் எடுத்துருவோம்க்கா" என்றான். அம்மா ஒப்பவில்லை. "அவுக போன மாதிரி பஸ்ஸுலதான் போகணும்" என்று சொல்லிவிட்டார். மூன்று பெட்டி, ஒரு சாக்குப் பை நிறையத் திதிச் சாமான், பித்தளைச் சொம்பு, அம்மா உட்கார ஒரு மடக்கு நாற்காலி, இத்தனையோடும் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நின்றோம்.

பொங்கல் கூட்டம் இன்னும் வடியவில்லை. தேவிபட்டினம் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் பெட்டிகளை டிரைவர் பக்கத்தில் அடுக்க, கண்டக்டரே ஒரு கை கொடுத்தார். "பெரியம்மா, இங்கிட்டு உக்காருங்க" என்று அம்மாவுக்கு சன்னலோரத்தைக் காட்டினார். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்து நடந்ததைப் படித்துவிட்டு அவரை மட்டும் யாரும் திட்டக் கூடாது.

பின் வாசலில் ஒரு நரிக்குறவர் குடும்பம் ஏறியது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் கைக்குழந்தை, ஏழெட்டு வயதில் ஒரு சிறுமி. இரண்டு துணி மூட்டை, ஒரு தகரப் பெட்டி. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு, "மூட்டைக்கு லக்கேஜ் எடு" என்றார் கண்டக்டர். இரண்டு மூட்டைக்கும் போட்டார். காலியாக இருந்த இருக்கையில் அந்தச் சிறுமி உட்காரப் போனாள். புது மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், பொங்கலுக்கு எடுத்ததாக இருக்கும். "ஏய், சீட்டு அழுக்காகும், கீழ உக்காரு." அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வேகம்தான் என்னை என்னவோ செய்தது.

எங்கள் பெட்டிக்கோ சாக்குப் பைக்கோ நாற்காலிக்கோ லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. நானும் கேட்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் சன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டைப் பார்த்தேன்.

2021 டிசம்பரில் நாகர்கோவிலில் இப்படி ஒரு குடும்பத்தைப் பேருந்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். வீடியோ பரவியது, நடவடிக்கையும் எடுத்தார்கள். அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் எவ்வளவு கொதித்தேன் என்பது நினைவிருக்கிறது. இன்று, "அண்ணே, அந்தப் பிள்ளை உக்காரட்டுமே" என்கிற ஒரு வரி எனக்கு வரவில்லை. வீடியோவில் யாரோ ஒருவர்மேல் கோபப்படலாம். பக்கத்தில் நிற்பவர் நம் அம்மாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவராக இருந்தால் நாக்கு எழுவதில்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் ஒன்பது கற்களையும் அம்மா சுற்றி வந்தார். இரவு ராமேஸ்வரத்துக்கு வண்டி ஏறினோம்.

இரண்டாம் நாள்: அக்னி தீர்த்தம்

விடியற்காலை நான்கு மணிக்கே கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எள்ளும் தண்ணீரும் விட்டான். அப்பா பெயர், அப்பாவைப் பெற்ற அய்யா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று புரோகிதர் வரிசையாகக் கேட்டார். மூன்றாவது பெயர் வந்தபோது அம்மா அழுதுவிட்டார். அந்த மூன்றாவது மனிதருக்குத்தான் இந்தக் கடற்கரையில் எள் விழ அப்பா காலம் வரை ஆனது.

அப்பா எத்தனையோ தடவை சொன்ன கதை இது. எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. அய்யா காலத்தில் ஊரில் வயதுக்கு வந்த ஆண்கள் எல்லோருடைய கைரேகையும் போலீஸ் பதிவேட்டில் இருந்தது. ரேகைச் சட்டம் என்றுதான் எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்வார்கள். சட்டப்படி அதற்குப் பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒருவன் திருடினானா என்பது கேள்வியே இல்லை. எந்தச் சனத்தில் பிறந்தான் என்று பார்த்தால் போதும். இரவு டேசன் திண்ணையில் போய்ப் படுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும்.

அய்யாவின் அப்பா இறந்த வருடம், தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் திதி கொடுக்க வேண்டும் என்று அய்யா ராதாரிச் சீட்டுக் கேட்டிருக்கிறார். "அமாவாசை ராத்திரி உனக்கு ராமேஸ்வரத்துல என்ன சோலி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனால் அது பக்தி. அய்யா போனால் இருட்டில் களவுக்குப் போகிறார். அவர் ஊர்க் கண்மாய்க் கரையில் எள்ளை இறைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாராம். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் அந்தச் சட்டம் போய்விட்டது. அதற்குப் பிறகும் அய்யா இந்தக் கடற்கரைக்கு வரவே இல்லை. அப்பாதான் வைராக்கியமாக வருடா வருடம் வந்தார்.

மூன்றாம் நாள்: ராமேஸ்வரம்

அமாவாசைக் கூட்டம் வடிந்துவிட்டது. அம்மாவுக்குக் கால் வலி. கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிய களைப்பு. சன்னதித் தெருப் பக்கம் நடப்பதும் உட்காருவதுமாகப் பகல் போனது.

நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே ஒரு மாலைக் கடை. காலையில் தம்பி அங்கே கருங்காலி மாலை விலை கேட்டான். 350 ரூபாய். "ரோட்டுல குறத்திக விக்கிறதை வாங்கிராதீங்க சார், அம்புட்டும் டூப்ளிகேட்டு. சாயம் ஏத்துன கட்டை" என்றார் கடைக்காரர். தம்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டான்.

பதினோரு மணிவாக்கில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் நரிக்குறவப் பெண் ஒருவர் சாக்கை விரித்து மாலை கோத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் சின்னக் குறடு. கம்பியை மணிக்குள் விட்டு, வளைத்து, நறுக்கி, அடுத்த மணியில் மாட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அம்மா என் காதோரமாக, ஆனால் காதோரம் இல்லாத குரலில், "சொம்பை எடுத்துப் பைக்குள்ள வைத்தா" என்றார். நான் வைத்தேன். அந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

அவரே பேச்சை ஆரம்பித்தார். தம்பியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அந்த லாட்ஜுக்குக் கீழ உள்ள கடையிலயா சாமி வாங்குனீங்க?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றான் தம்பி. "கொக்கியைப் பாருங்க. ரெண்டு சுத்துச் சுத்தி உள்ள மடக்கி இருக்கா? அது என் கை. அந்தக் கடைக்கு மணி அவுக குடுப்பாக, நான் கோத்துக் குடுப்பேன். மாலைக்குப் பதினஞ்சு ரூவா கூலி." தன் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அதே மணி, அதே கொக்கி. விலை 120. அதைத்தான் காலையில் எங்களிடம் டூப்ளிகேட் என்று சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் வட இந்தியக் குடும்பம் ஒன்று வந்தது. சரளமான இந்தியில் பேரம் பேசினார். அடுத்து வந்த ஆந்திரக்காரர்களிடம் தெலுங்கு. நடுநடுவே தூரத்தில் விளையாடிய பேரனை அதட்டியது அவர்களுடைய வாக்ரி மொழியில். வட இந்திய மொழிகளோடு உறவுள்ள மொழி அது. தங்களை அவர்கள் வாக்ரி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நரிக்குறவர் என்பது நாம் வைத்த பெயர். நான்கு மொழி பேசுகிற ஒரு வியாபாரி வேறு குடும்பத்தில் பிறந்திருந்தால், அவரைப் பற்றிச் சொல்லும்போது நாம் அந்த நான்கு மொழியைத்தான் முதலில் சொல்வோம். இவரைப் பற்றிக் கடைக்காரர் சொன்ன முதல் சொல் "குறத்திக".

பக்கத்துப் படித்துறையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். சடைமுடி, வெறுங்கால், கழுத்தில் ஏழெட்டு மாலை, குளித்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். கல்லூரிப் பையன்கள் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். ஒரு பாட்டி கும்பிட்டுவிட்டே போனார். அந்த மனிதர்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பத்தடி தள்ளி, அதே மாதிரி மாலையும் அதே மாதிரி முடியும் உள்ள ஒரு நரிக்குறவப் பெரியவரை, "சாமி கும்புட வர்ற எடத்துல உக்காராத, எந்திரி" என்று ஒருவர் கம்பால் தட்டி எழுப்பினார். அதுவும் என் கண்முன் நடந்தது.

டீ குடிக்கலாம் என்று அந்த அம்மாவையும் கூப்பிட்டேன். முதலில் வரவில்லை. "நீங்க குடிங்க சாமி." இழுத்துக்கொண்டுதான் போனேன். கடையில் எங்கள் மூவருக்கும் கண்ணாடி கிளாஸ். அவருக்குக் காகிதக் கப். "அங்கிட்டுத் தள்ளி நின்னு குடி." முந்தாநாள் பஸ்ஸில் வாய் மூடியிருந்ததற்கும் சேர்த்து, "ஏண்ணே அவங்களுக்கு மட்டும் கப்பு?" என்று கேட்டேன். மாஸ்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுத்தம் பாக்கணும்ல மேடம்." அதே கிளாஸ்களை ஒரே அண்டாத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துத்தான் எங்களுக்கும் கொடுத்தார். அந்த அம்மாவோ, "விடுங்க சாமி, நாளைக்கும் நான் இங்கதான் டீ குடிக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். கேட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் நாளை மறுநாள் ஊருக்குப் போய்விடுவேன், அவர் போக முடியாது என்பதையும் யோசித்துக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் மாமனார் காலத்தில் குடும்பத்துக்கே துப்பாக்கிதான் பிழைப்பு. காடை, கௌதாரி, வயலை அழிக்கிற நரி. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது மெல்ல மெல்லக் குற்றமானது. காட்டு உயிர்களைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அதுவரை அதையே நம்பி வாழ்ந்த மனிதர்கள் அடுத்த வேளைக்கு என்ன செய்வார்கள் என்பதையும் சட்டம் எழுதும்போதே யோசித்திருக்க வேண்டாமா? ஊசியும் பாசியும்தான் மிஞ்சின. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். சட்டமானது 2023-ன் தொடக்கத்தில். ஐம்பத்தேழு வருடம்.

"இப்பப் பேரனுக்கு சர்ட்டிபிகேட் வந்துருச்சு" என்றார். "கூடப் படிக்கிற பயலுக அவனை 'ஓசி'ன்னு கூப்புடுறாங்களாம். பள்ளிக்கூடம் போமாட்டேங்கான்."

தம்பி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அறைக்கு வரும் வரை பேசவில்லை.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

ஒரு பக்கம் குளம் மாதிரிக் கடல், மறுபக்கம் குமுறுகிற கடல், நடுவே ஒரு சாலை. 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் மிச்சமாக ஒரு சர்ச் சுவரும் சில கட்டடங்களும். அரிச்சல்முனையில் காற்று அம்மாவையே தூக்கிக்கொண்டு போகும் போலிருந்தது. திரும்பி வந்து ஓலைக் கொட்டகை ஒன்றில் பொரித்த நகரை மீனும் சோறும் சாப்பிட்டோம். நகரை மீன் இந்தக் கரையில் சாப்பிட்டால்தான் நகரை.

சாப்பிட்ட பிறகு தம்பி பேச ஆரம்பித்தான். மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிற நிலம் அரெர்ன்டே மக்களுடையது. அவர்கள் அந்த ஊரை ம்பார்ன்ட்வே என்பார்கள். ஆஸ்திரேலியா முழுக்கப் பார்த்தால் பூர்வகுடிகள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அந்த வடக்குப் பிரதேசத்தில் மட்டும் நான்கில் ஒருவருக்கும் மேல். இவன் போய் இறங்கிய முதல் வாரத்தில் நம் ஊர் நண்பர்கள் விருந்து வைத்துச் சொன்ன புத்திமதி: "அவங்க பக்கத்துல வந்தா கார்க் கதவைப் பூட்டிக்க. கடையில அவங்க பின்னால நிக்காத. எல்லாமே அவங்களுக்கு ஓசி, வேலைக்கே போக மாட்டானுங்க."

"ஓசி. அதே வார்த்தைக்கா" என்றான்.

அங்கே மதுக்கடை வாசலில் போலீஸ் நிற்கும். யார், எங்கே கொண்டுபோய்க் குடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடும். மதுவுக்குத் தடை உள்ள குடியிருப்புகள் இருப்பதால் இந்த ஏற்பாடு. "எல்லாருக்கும் பொதுவான சட்டம்னுதான் போர்டுல இருக்கும். இத்தனை வருசத்துல என்னைய ரெண்டு தடவை கேட்டிருப்பாங்க. எனக்குப் பின்னால ஒரு பூர்வகுடிப் பாட்டி. பிறந்த நாளுக்கு ஒயின் வாங்க வந்தது. எங்க குடிப்ப, யாரு கூட, எத்தனை பேருன்னு கால் மணி நேரம். நான் என் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

அம்மா குறுக்கே கேட்டார். "ராதாரிச் சீட்டு கணக்கால்ல இருக்கு?"

"அதுவும் இருந்துச்சும்மா." நியூ சவுத் வேல்ஸில் 1940-களில் பூர்வகுடிகளுக்கு விலக்குச் சான்றிதழ் என்று ஒன்று கொடுத்தார்கள். அது கையில் இருந்தால்தான் மற்றவர்களைப் போல நடமாடலாம். பதிலுக்குத் தன் சனத்தோடு ஒட்டு உறவை விட்டுவிட வேண்டும். அந்த மக்கள் அதை நாய் லைசென்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு தம்பி சொன்னதுதான் எனக்குத் தூக்கம் வராமல் இதை எழுத வைக்கிறது. போன புதிதில் ஒரு பல்பொருள் கடையில் காவலாள் இவன் பின்னாலேயே வந்திருக்கிறான். அரிசி வரிசைக்குப் போனால் அங்கே, சோப்பு வரிசைக்குப் போனால் அங்கே. கடைசியில் பையைத் திற என்றிருக்கிறான். இவன் ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டி, "நான் இந்தியன்" என்றிருக்கிறான். உடனே அந்தக் காவலாள், "சாரி மேட், அவங்கள்ல ஒருத்தன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். இவனும் சிரித்திருக்கிறான்.

"எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுக்கா. அது தப்புன்னு படல. ஆளை மாத்திப் பிடிச்சுட்டான், சரி பண்ணிட்டான், அம்புட்டுதான்னு தோணுச்சு. 'பையத் திற'ன்னு கேட்டதுக்கு அவன் சாரி சொல்லல. என்கிட்ட கேட்டதுக்குச் சாரி சொன்னான்."

2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. படத்துக்கு யு/ஏ சான்று, சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று பிறகு காரணம் சொன்னார்கள். யு/ஏ படத்துக்குக் கைக்குழந்தையோடு போகாத குடும்பம் தமிழ்நாட்டில் எது? அந்த வீடியோவைத் தம்பி அங்கிருந்து கோபமாகப் பகிர்ந்தான். எனக்கே அனுப்பினான். அதே வருடம் அக்டோபர் 14, ஆஸ்திரேலியாவில் வாக்கெடுப்பு. பூர்வகுடிகளை அரசியல் சட்டத்தில் அங்கீகரித்து, அவர்கள் விஷயங்களில் யோசனை சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமா என்பது கேள்வி. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிரதேசத்தின் தூரத்துப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் பெரும்பாலோர் வேண்டும் என்றுதான் போட்டார்கள்.

"நீ?" என்றேன்.

"வேண்டாம்னு போட்டேன். அவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனியான்னு." கொஞ்ச நேரம் கழித்து, "சீர்மரபினர் சர்ட்டிபிகேட்லதான நர்சிங் சீட்டே கெடச்சுச்சு" என்றான். அந்தக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் இருந்த சனங்களுக்கு இப்போது அரசு வைத்திருக்கிற பெயர் சீர்மரபினர்.

அவனுக்குப் பத்து வயதில் மகன் இருக்கிறான். அந்த வடக்குப் பிரதேசத்தில் 2024 அக்டோபரில் குற்றப் பொறுப்பு வயதைப் பன்னிரண்டிலிருந்து மறுபடியும் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். சிறார் காப்பகங்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பூர்வகுடிப் பிள்ளைகள். "என் பையன் சேக்காளிகளோட ராத்திரி சைக்கிள்ல சுத்துனா, பக்கத்து வீட்டுக்காரம்மா கை காட்டிட்டுப் போகுது. அதே தெருவுல அந்தப் பிள்ளைக நாலு பேரு நடந்து போனா போன் பண்ணிருது." வருகிற ஜனவரி 26-க்கு அவன் அங்கே இருக்க மாட்டான். நமக்குக் குடியரசு நாள். அங்கே 1788-ல் வெள்ளைக்காரர்கள் கொடி நட்ட நாள். பூர்வகுடிகள் அதைப் படையெடுப்பு நாள் என்கிறார்கள். வருடா வருடம் அன்று விடுமுறை என்று வீட்டுத் தோட்டத்தில் கறி சுட்டுச் சாப்பிட்டோம் என்றான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள்: ராமநாதபுரம்

பாம்பனைக் கடந்து ரயிலில் வந்தோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழைய பாலம் 1914-ன் எலும்புக்கூடு போலப் பக்கத்திலேயே நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ராமநாதபுரத்தில் எட்டு வருடத்துக்கு முன் நான் பாடம் எடுத்த பையன் ஒருவன் இருக்கிறான். காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரன். பிளஸ் டூவோடு நின்று, இப்போது செல்போன் கடையில் வேலை. சாயங்காலம் விடுதிக்கே வந்து பார்த்தான். தங்கை பிளஸ் டூ படிக்கிறாளாம். அவளுக்காவது சான்றிதழ் கிடைக்குமா என்று அலைகிறான்.

மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிறது. பழங்குடிச் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் விசாரணை. போலிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தின்பது இந்தப் பிள்ளைகளின் இடத்தைத்தான். ஆகவே விசாரணை வேண்டும் என்பதில் அவனுக்கும் சம்மதம். ஆனால் இவன் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டதைக் கேளுங்கள். உங்கள் பாஷையில் பேசு. தேன் எடுக்கத் தெரியுமா? காட்டில் எந்த வேர் எதற்கு ஆகும்? கல்யாணத்தில் என்ன சடங்கு? தாத்தா தடுமாறாமல் சொல்லியிருக்கிறார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "டி.வி. இருக்கு, பைக் இருக்கு, ஓட்டு வீடு இருக்கு, நீங்க எப்படிப்பா காட்டுநாயக்கன்?" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"குடிசையில இருந்தா நாகரிகம் இல்லாதவன்னு சொல்றாங்க டீச்சர். வீடு கட்டுனா பழங்குடியே இல்லங்கிறாங்க. எப்படித்தான் இருக்கச் சொல்றீங்க?" என்று என்னிடமே கேட்டான். நானும் அந்தப் பக்கத்து ஆள் என்பதுபோல.

தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று மத்திய அரசு குறித்து வைத்திருக்கிற ஆறில் காட்டுநாயக்கர் ஒன்று. குணம், சடங்கு, வாழ்முறை பார்த்து முடிவெடுக்கிற சோதனையை மட்டுமே உரைகல்லாகக் கொள்ளக் கூடாது, காலம் மாற மாற மக்களும் மாறுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011-லும் சொன்னது, 2023 மார்ச்சிலும் சொன்னது. அந்த வீட்டு வாசல் வரைக்கும் அந்தத் தீர்ப்பு வரவில்லை. 2022 அக்டோபரில் மகனுக்கு மலைக்குறவர் சான்றிதழ் கிடைக்காத ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்துபோனார். பையன் அதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. பழகிய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அவன் போன பிறகு அம்மா, "காட்டுலயே இல்லாதவன் காட்டுநாயக்கன்னா யாரு நம்புவா?" என்றார்.

தம்பி, "நம்ம சர்ட்டிபிகேட்டுக்கு யாராச்சும் வந்து, எங்க, ஒரு சுவத்துல கன்னம் வச்சுக் களவாண்டு காமின்னு கேட்டாகளாம்மா?" என்றான்.

எனக்கு ஒரு பள்ளி மாற்றுச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் போதுமாக இருந்தது.

ஆறாம் நாள்: ஊர்

திருப்புல்லாணி, சேதுக்கரை வழியாக வந்தோம். ஏர்வாடியில் இறங்கித் தர்காவில் சர்க்கரை வைத்துவிட்டு வர வேண்டும் என்றார் அம்மா. அப்பாவின் வழக்கம் அது. சாயல்குடி தாண்டியதும் பனைகள். முக்கு ரோட்டில் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கினோம்.

வீடு ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அம்மா வந்ததும் வராததுமாகப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்த்துத் திண்ணையில் வெயிலுக்குக் கவிழ்த்தார். பித்தளை அண்டா, குத்துப்போணி, தூக்குவாளி இரண்டு, செம்புப் பானை, ராமேஸ்வரம் போய்வந்த சொம்பு. அண்டா அப்பத்தாவுடையது. ஒரு தடவை பக்கத்து ஊரில் ஆடு களவு போனபோது சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் இந்த அண்டாவை, "இது எங்க எடுத்தது?" என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அப்பத்தா தன் அண்ணன் போட்ட சீர் என்று மூன்று நாள் டேசன் வாசலில் உட்கார்ந்து மீட்டு வந்தாராம். விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. அப்போது விழுந்தது என்று அப்பா காட்டியிருக்கிறார்.

மூன்று மணிக்குத் தெருவில் சத்தம். "ஊசி, பாசி, சீப்பு, ஹேர்பின்னு..." இரண்டு நரிக்குறவப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். ஒருவர் மிகவும் சின்ன வயது, முதுகில் தூளி கட்டிக் குழந்தை. எதிர்வீட்டு அத்தை உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "ஏ மதினி, ஏனத்தை எடுத்து உள்ள வையி, குறத்தி வாரா." அந்தப் பெண்கள் காதில் விழும்படிதான் சொன்னார்.

தம்பி அம்மாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் குரல் வந்தால் அம்மா எழுந்து பாத்திரத்தை அள்ளாத நாளே இல்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. "இங்கிட்டு வாத்தா" என்று அவர்களைக் கூப்பிட்டார். திண்ணையிலேயே உட்காரச் சொன்னார், அண்டாவுக்குப் பக்கத்தில். அவர்கள் தயங்கி, ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஊசி ஒரு அட்டை, பேத்திக்குக் கருமணி ஒரு ஜோடி வாங்கினார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பனங்கிழங்கு இரண்டு கொடுத்தார். குழந்தைக்கு எத்தனை மாசம் என்று கேட்டார்.

ஆனால் கேட்கும்போதும், காசு எண்ணும்போதும், கிழங்கைக் கொடுக்கும்போதும் அம்மாவின் கண் அந்தப் பாத்திரங்களை விட்டு நகரவில்லை. அந்தச் சின்னப் பெண் அதைக் கவனித்தாள். கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு, கைகளைத் தன் கூடை மேலேயே வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் எழுந்து போனாள்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் நான் திண்ணையைப் பார்த்தேன். அண்டா, குத்துப்போணி, தூக்குவாளி இரண்டு, பானை, சொம்பு. ஆறும் இருந்தன. எண்ணச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை.